பத்து நானோவினாடியின் கணக்கு: 66-லிருந்து 100-க்கு ஏறிய பஸ்ஸும் பழைய ராமும்

1998 ஏப்ரலில் இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் வந்தது. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு ஏறியது. அதில் ராமின் துடிப்பும் பஸ்ஸின் துடிப்பும் ஒன்றே என்பதால் பழைய ராமுக்குச் சிக்கல் வந்தது. இதற்குக் கணினி ஆர்வலர்கள் வழிவழியாகச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: சில்லில் '10' என்றால் பத்து நானோவினாடிச் சுழற்சி நேரம், ஒன்றைப் பத்து நானோவினாடியால் வகுத்தால் 100 மெகாஹெர்ட்ஸ், ஆகவே 'பிசி100' என்பது புது ராம் விற்பதற்கான வியாபார முத்திரை. வகுத்தல் சரிதான். முடிவுதான் நிற்கவில்லை.

இவர்களின் பெரிய சான்று செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸில் 4.5 மடங்காகப் பூட்டப்பட்ட அந்தச் செயலியில் பி21 என்ற தொடுமுனையை ஒட்டுநாடாவால் மறைத்தால் போர்டு பஸ்ஸை 100-இல் ஓட்டும். 300 என்பது 450 ஆகும். அப்போது பழைய ராமும் கூடவே ஓடியதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஒரு ராம், ஒரு ஸ்லாட், ஒரு மின்விசிறி என்ற நிலையில் ஓடியது எல்லா ஸ்லாட்டும் நிறைந்த பெட்டிக்குச் சான்றாகாது.

என்னிடம் உள்ள 64 மெகாபைட் ராம் ஒன்றை இங்கே பார்ப்போம். ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சில்லுகள். உருப்பெருக்கியில் ஒவ்வொன்றின் முதல் வரியும் '-10' என்று முடிகிறது. கீழே '9823', அதாவது 1998-இன் 23-ஆம் வாரம், ஜூன் தொடக்கம். பின்பக்கத்துக் காகித வில்லையோ 'பிசி100' என்கிறது. வில்லையை நம்புவதா, சில்லை நம்புவதா? பிசி100 வரையறை சுழற்சி நேரத்தோடு நிற்பதில்லை. துடிப்பு விழுந்த 6 நானோவினாடிக்குள் சில்லு தரவை வெளியே வைக்கவேண்டும். பெறும் பக்கத்துக்கு அடுத்த துடிப்புக்கு முன் சுமார் 2 நானோவினாடி வேண்டும். மிச்சம் 2 தான் செம்புத் தடத்துக்கும் துடிப்பின் பிசகலுக்கும். தரவை வைக்கவே சில்லு 8 நானோவினாடி எடுத்துக்கொண்டால் பத்தும் அங்கேயே தீர்ந்தது, தடத்துக்கு ஒன்றுமில்லை. பிசி100-க்குச் சுழற்சி நேரம் 8 நானோவினாடி என்று குறித்த வேகமான சில்லுகளைத் தேடியது இதனால்தான்.

வியாபாரச் சூழ்ச்சி என்பவர்கள் வயாவின் எம்விபி3 சிப்செட்டை மறந்துவிடுகிறார்கள். அதில் பஸ் 100-இல் ஓட, ராமை மட்டும் ஏஜிபியின் 66-இல் ஓட்டலாம். வெறும் முத்திரைதான் தடை என்றால், இன்டெலோடு போட்டியிட்ட நிறுவனம் அப்படியொரு மாற்றுவழியைச் சிலிக்கானில் கட்டியிருக்க வேண்டியதில்லை. என் வாதத்தில் இதையே வலுவான கண்ணியாகக் கருதுகிறேன்.

காலக்கணிப்பில் அவ்வளவு உறுதி இல்லை. '9823' சில்லை உறையிட்ட வாரம். பலகையில் பற்றவைத்த நாளல்ல. வில்லையைக் கடைக்காரர் பின்னர் ஒட்டியிருக்கலாம். எனவே 440பிஎக்ஸ் வந்த பிறகும் '-10' சில்லுகள் உறையிடப்பட்டன என்பதுவரைதான் இந்த ராம் சாட்சி சொல்லும். பிசி100 என்ற பெயரில் அவை விற்கப்பட்ட காலத்தை இதிலிருந்து குறிக்க முடியாது.

அதே விளக்கம் இன்னொன்றையும் இதோடு முடிச்சுப் போடுகிறது. எட்டுச் சில்லு 256 மெகாபைட் ராமை 440பிஎக்ஸ் போர்டில் செருகினால் 128 தான் காட்டும். அதையும் பஸ் வேகத்தின் கோளாறு என்பார்கள். அந்த ராமில் இருப்பவை 256 மெகாபிட் சில்லுகள். அவற்றின் வரிசைகளைச் சுட்ட 13 முகவரிக் கோடுகள் வேண்டும். 128 மெகாபிட் வரையிலான சில்லுகளை ஏற்கும் 440பிஎக்ஸ் 12 தான் தருகிறது. ஒரு கோடு குறைந்தால் பாதி வரிசைகள் எட்டாது. அதே 256 மெகாபைட்டைப் பதினாறு 128 மெகாபிட் சில்லுகளாகப் பிரித்த ராம் முழுதாகத் தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரு கிகாபைட் வரை இப்படி நிரப்பலாம். எட்டுச் சில்லு ராமுக்கோ, பஸ்ஸை 66-க்கே இறக்கினாலும் 128 தான்.