அச்சுகளைப் பற்றி

என்னிடம் ஒரு கண்ணாடி மணி இருக்கிறது. கானாவில் சில வருஷங்கள் ஆசிரியராக இருந்து திரும்பிய நண்பர் கொடுத்தது. மஞ்சள் உடம்பு, பச்சைக் கோடு. துளையைச் சுற்றி ஒரு முனையில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அழுக்கு என்று நினைத்து ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவக்கூடச் செய்தேன். அது அழுக்கல்ல, அச்சின் மிச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கானாவின் கிழக்கே, ஒடுமாசேயைச் சுற்றி வாழும் க்ரோபோ மக்கள் இந்த மணிகளைச் செய்கிறார்கள். செய்முறை நம் சமையலறைக்கு ரொம்பத் தூரமில்லை. உடைந்த பாட்டில்களை உரலில் இடித்து, சலித்து, மாவாக்குகிறார்கள். அச்சு என்பது ஒரு களிமண் தட்டு. அதில் பணியாரச் சட்டி மாதிரி குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு சிறு துவாரம். அதில் மரவள்ளி இலைக்காம்புத் துண்டு ஒன்றை நட்டு, சுற்றிலும் கண்ணாடி மாவைக் கொட்டுகிறார்கள். நிறம் மாற வேண்டுமானால் அடுக்கடுக்காக. புற்றுமண்ணால் கட்டிய சூளையில், ஏறக்குறைய 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேட் சூட்டில், மாவு இளகி ஒன்றாகிறது. காம்பு எரிந்து போகிறது; அது இருந்த இடம் துளை. கவிஞர்கள் இந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். விஷயம் அச்சில் இருக்கிறது.

இளகிய கண்ணாடி களிமண்ணைப் பற்றினால் விடாது. வெறும் அச்சில் இட்டால், மணியை எடுக்க அச்சை உடைக்க வேண்டிவரும். ஆகவே குழிகளுக்குள் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசுகிறார்கள். கயோலின் உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். கண்ணாடிச் சூளை அதை உருக்க முடியாது. ஆனால் 500, 600 டிகிரியிலேயே அதற்குள் கட்டுண்ட நீர் வெளியேறிவிடுகிறது. பிடிமானம் போய்ப் பொடியாகிறது. ஒரு பகுதி மணியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அடுத்த சுடுதலுக்கு முன் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பூசி, உலர்த்த வேண்டும். உலர்வதில் அவசரம் கூடாது. ஈரம் மீந்த அச்சைச் சூளைக்குள் தள்ளினால் நீராவி அதைப் பிளந்துவிடும். பூச்சு மெலிந்தால் மணி அச்சை விடாது, தடித்தால் மணியில் சுண்ணாம்பாகத் தங்கும். என் மணியைச் செய்தவர் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருக்கிறார்.

இனி சரித்திரம். 1817இல் குமாசிக்குப் போன பௌடிச் என்ற ஆங்கிலேயர், 1819இல் வெளியிட்ட நூலில், அந்தப் பிரதேசத்தின் பழைய அக்ரி மணிகளைப் பற்றி எழுதினார். பூமியிலிருந்து ஆவி சுருண்டு எழும் இடத்தில் தோண்டினால் கிடைக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 1821இல் அஷாந்தியரின் கலைகளையும் பழைய எகிப்தையும் முடிச்சுப்போட்டுத் தனியே ஒரு கட்டுரையும் எழுதினார். பிறகு வந்தவர்கள் எகிப்தியர், ஃபினீஷியர் என்று மணிக்குத் தகப்பன் தேடினார்கள். நைஜீரியாவின் இஃபே நகரில் 1910இல் ஃப்ரொபீனியஸ் கண்ணாடி ஒட்டிய மூசைகளையே கண்டார். கண்டுவிட்டு, இது அட்லாண்டிஸின் மிச்சம் என்றார். கையில் இருந்த மூசை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இஃபேயில் மூலக் கண்ணாடியே உள்ளூரில் ஆக்கப்பட்டது என்பதற்கான சான்றுகளை, இக்போ ஒலோகுன் அகழாய்விலிருந்து பாபலோலாவும் சகாக்களும் 2017இல் வெளியிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

க்ரோபோ விஷயம் இன்னும் சிக்கலானது. அவர்கள் கண்ணாடியை ஆக்கவில்லை. வெனிஸிலிருந்து வந்த வியாபார மணிகளையும் ஐரோப்பிய பாட்டில்களையும் இடித்து மாவாக்கினார்கள். இரவல் சரக்கு என்று சொல்லிவிடலாம். புதுக்கவிதையைப் பற்றி நம்மிடையே அப்படித்தான் சொன்னார்கள். பண்டிதர்கள் மட்டுமல்ல, எழுதியவர்களில் சிலரும் எலியட்டையும் பவுண்டையும் கண்டுபிடித்துக் காட்டுவதையே விமர்சனம் என்று நினைத்திருந்தார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பது சுலபம். எந்தக் குழியில் விழுந்தது, குழிக்கு யார் என்ன பூசி வைத்தார்கள் என்று கேட்க, பட்டறைக்குள் போக வேண்டும். உவமையை இதற்கு மேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை. மணி மணிதான், கவிதை அல்ல.

ஆனால் மணி அலங்காரம் மட்டும் அல்ல என்பதை ஒரு சர்க்கார் அறிந்திருந்தது. 1892இல் கோல்ட் கோஸ்ட் காலனி அரசு க்ரோபோ மக்களை அவர்களுடைய மலையிலிருந்து கீழே இறக்கியது. பெண்கள் பருவமெய்தும்போது செய்யும் டிபோ சடங்கையும் தடை செய்தது. அந்தச் சடங்கில் பெண்கள் இடுப்பிலும் கழுத்திலும் அணிவது இந்த மணிகளைத்தான். சடங்கு உருமாறிப் பிழைத்தது, இன்றும் நடக்கிறது. மலைக்கு அவர்கள் குடியேறத் திரும்பவில்லை. கோல்ட் கோஸ்டில் மணி செய்யும் ஒரு முறையை ஆர். பி. வைல்ட் 'மேன்' என்ற மானிடவியல் ஏட்டில் எழுதியது 1937இல்.

போன மாதம் நண்பரிடம், அச்சு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். பட்டறை வாசலில் விரிசல் விட்டவை நிறையக் கிடந்தனவாம். அவற்றை மிதித்துக்கொண்டுதான் மணி வாங்க உள்ளே போனேன் என்றார்.