தோற்பரிசலின் வரலாறு

கேரளத்தில் பாயும் 44 ஆறுகளுள் 41 மேற்குக் கடலை நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டுமே கிழக்கே திரும்பிக் காவிரியைச் சேர்கின்றன. பவானி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைகளை வலம் வந்து தமிழகம் திரும்புகிறது. பாம்பாறு, இடுக்கி மாவட்டத்து மறையூரைக் கடந்து, எல்லைக்கு இப்பால் அமராவதி என்று பெயர் பெறுகிறது. பிழைப்பை நாடி எல்லை கடந்து சென்ற நம்மவர் பலர் இவ்விரு ஆறுகளின் கரைகளில் வாழ்கின்றனர். இந்நீர் சென்று சேரும் காவிரியில் மிகப் பழமையானதொரு கலம் இன்றும் மிதக்கிறது. அதுவே பரிசல்.

பரிசலின் அமைப்பு எளியது. மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளந்து, அறுகோணக் கண்கள் தோன்றுமாறு தரையிற் பரப்பிப் பின்னுவர். நடுவே கற்களைப் பாரமாக வைத்து, பிளாச்சுகளின் நுனிகளை மேலே வளைத்து விளிம்போடு பிணைப்பர். கூடைபோன்ற இச்சட்டத்தின் வெளிப்புறத்தில் மாட்டுத் தோலையோ எருமைத் தோலையோ இழுத்துத் தைத்துவிட்டால் பரிசல் ஆயிற்று. இதற்கு ஆணி தேவையில்லை, பலகை தேவையில்லை. பாறையில் மோதினால் மரத்தோணி பிளக்கும். பரிசலோ வளைந்து கொடுத்து விலகும். முன்புறம் அமர்ந்து துடுப்பால் நீரைத் தன்பக்கம் இழுப்பவனுக்குத்தான் அது வசப்படும். பழகாதவன் கையில் அது சுழன்றுகொண்டே இருக்கும்.

மெல்லிய சட்டத்தைத் தோலால் போர்த்தி நீரில் விடும் இவ்வறிவு நமக்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்குச் சரக்கு ஏற்றிவந்த வட்டமான தோற்படகுகளை வருணிக்கிறார். வணிகர்கள் சரக்கோடு சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றித் திரும்பினராம். ஒகேனக்கல் பரிசலோட்டியோ, படகு முழுவதையும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையேறி நடக்கிறார். மரம் அரிதான கிரீன்லாந்தில், கடலில் மிதந்துவரும் கட்டைகளைப் பிணைத்துக் கடல்நாய்த் தோல் போர்த்தி, வேட்டைக்காரனின் உடலளவுக்கேற்பச் செய்த ஒற்றையாள் கலமே ‘கயாக்’.

நம் நாட்டுப் பரிசலைப் பற்றி அயலார் எழுதிய குறிப்புகள் சுவையானவை. 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியரான டோமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் சென்ற வட்டத் தோற்படகுகளைக் கண்டார். 1803-இல் மராட்டியப் போரின்போது ஆர்தர் வெல்லஸ்லி, தம் படை ஆறுகளைக் கடப்பதற்காகக் கூடைப்படகுகள் செய்வித்தார். சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1933-இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். ஏறிச் சென்றவரையும் ஏவியவரையும் எழுதியவரையும் நாம் பெயரால் அறிகிறோம். மூங்கிலைப் பின்னியவர் பெயரும் தோலைத் தைத்தவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. வேந்தரையும் படையையும் கரை சேர்த்த கைகளுக்கு வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை என்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டிய செய்தியாகும்.

பிற்காலத்தில் பாலங்கள் எழுந்தன. பரிசல் துறைகள் குறைந்தன. எனினும் 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையும், 1950-களில் எழுந்த பவானிசாகர் அணையும் விரிந்த நீர்த்தேக்கங்களைத் தந்தன. அங்கே மீன்பிடிக்கப் பரிசலே ஏற்றதாயிற்று. மாயாற்றங்கரையிலுள்ள தெங்குமரஹாடா மக்கள் வெளியுலகை அடைய நெடுங்காலம் பரிசலையே நம்பியிருந்தனர். இதற்கிடையே தோல் மறைந்தது. தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் இடத்தைப் பிடித்தன. சில இடங்களில் கண்ணாடி இழையாலான வார்ப்புக் கலங்களும் வந்துவிட்டன. போர்வை மாறினால் பரிசல் அழிந்துவிடாது. பின்னல் மறைந்தால் அழிந்துவிடும்.

அட்டப்பாடியை விட்டு இறங்கும் பவானி தேங்கி நிற்கும் பில்லூர் அணைப்பகுதியில், பரளிக்காடு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே வனத்துறையினர் பழங்குடி மக்களைக் கொண்டு பரிசல் உலா நடத்தத் தொடங்கினர். பிழைப்புக்கு உதவிய கலம் பொழுதுபோக்குக்கும் உரியதாயிற்று. இதைக் குறைவென்று கருதவேண்டியதில்லை. கிரீன்லாந்தில் வேட்டைக்கு விசைப்படகு வந்தபின் கயாக் மறையும் நிலையை அடைந்தது. 1980-களில் அந்நாட்டினர் சங்கம் அமைத்து, செய்முறையையும் துடுப்பு முறையையும் இளைஞருக்குக் கற்பித்து அதனை மீட்டனர். இன்று பல நாடுகளில் அன்பர்கள் தம் கையாலேயே சட்டம் கட்டி, துணி போர்த்தி, கயாக் செலுத்தி மகிழ்கின்றனர். அவர்கள் ஏறிச் செல்வதோடு நில்லாமல் கட்டவும் கற்றனர் என்பதே இதில் கருதத்தக்கது.

நாமோ விடுமுறையில் ஊர் திரும்பும்போது பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். அடுத்த முறை, உயிர்காப்பு அங்கி அணிந்து ஏறுவதோடு, கரையில் மூங்கில் பிளக்கும் முதியவர் அருகிலும் சற்றே அமர்வோம். நம் பிள்ளைகள் அவரிடம் ஒரு பின்னலேனும் கற்கட்டும். அவர் பெயரையும் கேட்டு எழுதி வைக்கட்டும். வரலாறு விட்டுவிட்ட அந்த வரியை அவர்களாவது எழுதுவார்கள்.