லேசர் காட்சிக் கருவியின் ஆடும் கண்ணாடிகள்

சிறிய லேசர் காட்சிக் கருவியினுள், ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகளில் ஆடும் இரண்டு சிறு கண்ணாடிகளே, ஒற்றை ஒளிப்புள்ளியை அதிவேகமாக இழுத்துச் சென்று, அது முழுச் சித்திரமாகத் தோன்றும்படி செய்கின்றன. 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக்கு வில்லியம் தாம்சன் பிரயோகித்த, மின்னோட்டத்தை உணரும் கண்ணாடிக் கால்வனாமீட்டர் இவற்றின் மூதாதை.

தியாகராய நகர்க் கல்யாண மண்டபச் சுவரில் இக்கருவி வரையும் மணமக்களின் பெயர் நடுங்கித் தெரிகிறதென்று, மின்னணுக் கடைகளுள்ள ரிச்சி தெருவுக்கு ஓடிக் கண்ணாடியை மட்டும் வாங்கி ஒட்டுவது விவேகமன்று. கண்ணாடியின் ஜடத்துவம், மோட்டார், இயக்கிச் சுற்று ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைவிக்கப்பட்டவையாதலால், விநாடிக்கு 15,000 புள்ளிகளிலிருந்து 30,000க்கு உயர விரும்புவோர் மூன்றையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். கண்ணாடி பெரிதானால் வேகம் குன்றும். மிகச் சிறிதானால் கதிரின் விளிம்பு வெளியே சிந்தும். கதிர் விரியும் கோணத்தைக் குறிப்பிடாமல் கடைக்காரர் சொல்லும் வேகத்துக்கு அர்த்தமே இல்லை. பொருத்தியபின், சர்வதேச லேசர் காட்சிச் சங்கத்தின் பரிசோதனைச் சித்திரத்தை, 8 பாகை விரிவில், 30,000 புள்ளி வேகத்தில் ஓட்டி, அதிலுள்ள வட்டம் சதுரத்தின் உட்புறத்தைத் தொட்டு நிற்கும்வரை திருத்துவதே முறை. சென்னைக் கோடையில் மோட்டாரின் உஷ்ணம் வெளியேற உலோகப் பீடம் அவசியம். சலனமற்று நின்ற கதிர் பார்வையைப் பறிக்கவல்லதாதலின், கண்ணாடி நின்றவுடன் லேசரை அணைக்கும் காப்புச் சுற்று இல்லாத கருவியைச் சபையோர் முன் இயக்கலாகாது.