வீட்டு ஃப்ரீசரில் இருந்த மருந்து

காமர்ஸ் படிப்பவனுக்கு இதயக் குழாயில் என்ன வேலை என்கிறீர்களா? கணக்கு இருக்கிறதே!

1977-ல் சூரிச்சில் க்ரூன்ட்சிக் என்ற டாக்டர், பலூனை விட்டு இதயக் குழாய் அடைப்பை விரித்தார். ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் அதே இடம் மறுபடி சுருங்கியது. 1986-ல் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வந்தது. புண் ஆறும்போது வளர்ந்த சதை அந்த வலைக்குள்ளேயும் புகுந்தது.

அதை அடக்கியது ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ராபமைசின். கண்டெடுத்தவர்களில் ஒருவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல். கம்பெனி ஆய்வைக் கைவிட்டபோது, மருந்தை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் மனிதர்! அது பூசிய ஸ்டென்டை 2003-ல் அமெரிக்கா அனுமதித்தது.

இங்கே அது லட்சத்தைத் தாண்டி விற்றது. 2017-ல் மத்திய அரசு மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. வித்தியாசம் பெரிதுதான்... ஆனால் எங்கள் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், மறுபடி அடைத்தால் இரண்டாவது ஆஸ்பத்திரி பில்லுக்கு எங்கே போவார்?