சிங்கப்பூர்ப் பீரங்கிகள் திரும்பவில்லையா?

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் தோட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வரும். "வெள்ளைக்காரன் பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்றது, ஜப்பான்காரன் பின்பக்கமாக வந்துவிட்டான்" என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மறு பாதியை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங்கில், பிரிட்டிஷார் பெரிய கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டி 1938-ல் திறந்தனர். அதைக் காக்கத் தீவின் கரையோரங்களில் பீரங்கித் தளங்கள் எழுந்தன. அவற்றில் மிகப் பெரியவை ஐந்து. சாங்கியில் மூன்றும், மேற்கே பூனா விஸ்தாவில் இரண்டும் நின்றன. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 1935-ல் பிரிட்டிஷ் அரசருக்கு ஐந்து லட்சம் பவுன் அன்பளிப்பாகத் தந்தார். அதன் பெரும்பகுதி இந்தப் பீரங்கிகளுக்குச் செலவானது. ஆகவேதான் சாங்கித் தளத்துக்கு ஜொகூர் பெயர் வைத்தனர்.

இவை 15 அங்குலப் பீரங்கிகள். அதாவது, குழாய் வாயின் குறுக்களவு 15 அங்குலம். குழாயின் நீளம் 16 மீட்டருக்கு மேல், எடை ஏறத்தாழ 100 டன். ஒரு குண்டு ஏறத்தாழ 880 கிலோ, அதாவது 50 கிலோ அரிசி மூட்டைகள் பதினேழுக்கும் மேல்! இதை மனிதர் தூக்க முடியுமா? குண்டுகளைத் தரைக்கடியில் கான்கிரீட் அறைகளில் அடுக்கி வைத்திருந்தனர். அங்கிருந்து இயந்திரங்களே அவற்றை மேலே ஏற்றிக் கொடுத்தன. குண்டு 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழும்.

இவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள்? பகைவரின் போர்க்கப்பல்களிலும் இத்தகைய பீரங்கிகள் உண்டு. கரையில் இருப்பது அதற்குச் சளைக்காமல் எட்ட வேண்டும். கடலில் குண்டு விழுந்தால் நீர் எழும்பும். காவல் மேடையில் நிற்பவர் அதைக் கண்டு, அடுத்த குண்டை எங்கே செலுத்துவது என்று கணக்குச் சொல்வார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8-ல் கோத்தாபாருவில் இறங்கியது. சாலைகளின் வழியே, பலர் சைக்கிளிலேயே, தெற்கு நோக்கி வந்தது. 1942 பிப்ரவரி 8 இரவில் ஜொகூர் நீரிணையைத் தாண்டித் தீவின் வடமேற்கில் ஏறியது. அப்போது பீரங்கிகள் சும்மா நிற்கவில்லை. பூனா விஸ்தாவில் இருந்தவை அந்தப் பக்கம் திரும்ப இயலாதவை. ஆனால் சாங்கிப் பீரங்கிகள் திரும்பின. ஜொகூர்பாரு மீதும், பகைவர் பிடித்த தெங்கா விமானத் தளத்தின் மீதும் சுட்டன.

பின் ஏன் பயனில்லை? குண்டில்தான் இருக்கிறது விடை. கப்பலின் தடித்த எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே சென்று வெடிக்கவே அந்தக் குண்டுகளைச் செய்தார்கள். அவற்றில் இரும்பு அதிகம், வெடிமருந்து குறைவு. சேற்று மண்ணில் விழுந்தால், சதுப்பில் எறிந்த கடப்பாறை போல ஆழப் புதைந்துவிடும். பரவி நிற்கும் காலாட்படையை அடிக்க, தரையில் பட்டவுடன் வெடித்துச் சிதறும் குண்டு வேண்டும். 15 அங்குலப் பீரங்கிகளுக்கு அத்தகைய குண்டு இல்லை. சிறிய பீரங்கிகளுக்கும் சிலவே இருந்தன. போதாக்குறைக்கு, ரப்பர்க் காட்டுக்குள் மறைந்து வருபவனைக் காவல் மேடையிலிருந்து காண்பது எப்படி?

பின்வாங்குமுன் பீரங்கி வீரர்களே அவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். பிப்ரவரி 15-ல், புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில், தளபதி பெர்சிவல் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து, இன்றைய லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில், 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தனர்.

அதன் பிறகு நடந்தது நம் குடும்பங்களின் வரலாறு. சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் காலராவுக்கும் பசிக்கும் பலியாகித் திரும்பவே இல்லை. கடலில் கப்பல் மட்டுமே வரும் என்று போட்ட கணக்குக்கு, அந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லாத நம் முன்னோர் விலை கொடுத்தார்கள்.

சாங்கியில் மண் மூடிக் கிடந்த சுரங்க அறைகள் 1991-ல் வெளிப்பட்டன. அங்கே 2002 முதல் பீரங்கியின் மாதிரி ஒன்று நிற்கிறது. செந்தோசாத் தீவின் சிலோசோ கோட்டையிலும் பழைய பீரங்கிகளைக் காணலாம். சிங்கப்பூர் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். குழாயின் நீளத்தைக் காட்டிவிட்டு, "இதற்கு என்ன குண்டு வைத்திருந்தார்கள்?" என்றும் கேளுங்கள். வீட்டில் ரயிலுக்குப் போனவர் பெயர் தெரிந்தால், அதையும் அங்கேயே சொல்லுங்கள்.