வியன்னா லாகர்: சென்னை மேற்குப் புறநகரில்

செம்பழுப்பு நிறமும் வாட்டிய ரொட்டியின் வாசமும் கொண்ட பீர் வகை வியன்னா லாகர். மதுவளவு 5 சதவீதத்தை ஒட்டியிருக்கும். வியன்னாவை அடுத்த ஸ்வெகாட்டில் ஆன்டன் டிரெஹர் 1841இல் இதை அறிமுகப்படுத்தினார். முளைகட்டிய பார்லியைச் சூடான காற்றில் பதமாக வாட்டும் முறையை அவர் இங்கிலாந்தில் பார்த்துக் கற்றார். குளிரில் புளிக்கவைப்பது பவேரியாவின் பழக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இதை வீட்டில் தயாரிக்க முடியாததற்கு எல்லோரும் வெயிலைக் காட்டுவார்கள். அந்தக் காரணம் 1877இலேயே செல்லாமல் போய்விட்டது. இன்று குறுக்கே நிற்பது சட்டம் மட்டுமே.

வெயில் பொய்யல்ல. லாகர் ஈஸ்ட் 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக வேலை செய்யும். அதன்பின் பீர் சில வாரங்களாவது உறைநிலையை ஒட்டிய குளிரில் கிடக்க வேண்டும். ஆவடியில் மார்கழி இரவில்கூட அந்தக் குளிர் கிடையாது. 30 டிகிரியில் விட்டால் பழவாடையும் தொண்டையைச் சுடும் நெடியும்தான் மிஞ்சும். வெள்ளைக்காரர்கள் 1857இல் நீலகிரியில் காசில் புரூவரியைத் தொடங்கியது சும்மா அல்ல. ஆனால் டிரெஹர் குடும்பம் கடலோர திரியெஸ்தேயில் இருந்த தன் ஆலையில் கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் எந்திரத்தை 1877இல் நிறுவியதோடு, மலையேற வேண்டிய அவசியம் தீர்ந்தது. இன்று 20 லிட்டருக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜும் ஒரு தெர்மோஸ்டாட்டும் போதும். புளிக்கும்போது திரவம் தானே சூடாகும் என்பதால், தெர்மோஸ்டாட்டின் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டவேண்டும். கவனிக்க வேண்டிய நுணுக்கம் அவ்வளவுதான். கரண்ட் போனாலும், மூடிய ஃபிரிட்ஜில் 20 லிட்டர் ஓரிரு மணி நேரத்தில் சூடாகிவிடாது. போர் தண்ணீரின் உப்புக்கு ஆர்.ஓ. இருக்கிறது.

குளிரே வேண்டாம், நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் 35 டிகிரியிலும் சுத்தமாகப் புளிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பீர் வரும்; ஆனால் க்வெய்க் லாகர் ஈஸ்ட் அல்ல. பீரைத் தெளியவைக்கக் கடைசியில் ஃபிரிட்ஜைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ராஜாஜி அமைச்சரவை 1937இல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் பலமுறை தளர்த்தப்பட்டும் திருத்தப்பட்டும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். வீட்டளவு என்று பீருக்கு விலக்கு கிடையாது. கள்ளச்சாராயச் சாவுகளைத் தடுக்கத்தான் இந்தக் கண்டிப்பு என்பார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லியைப் புளிக்கவைப்பதால் அந்த ஆபத்து வராது. இதைவிட வலுவான மறுப்பு வேறு: டிரம்மில் நுரைப்பது பீரா, சாராயத்துக்கான ஊறலா என்று சோதனைக்கு வருபவரால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அளவை வரையறுத்தால் இந்தச் சிக்கல் சமாளிக்கக்கூடியதே. அமெரிக்கா 1978இல் இயற்றிய சட்டம் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கேலன் என்று வரம்பு வைத்து, விற்பனையைத் தடுத்தது.

இப்போதைக்கு, ஆலையிலேயே ஊற்றித் தரும் பீர் வேண்டுமென்றால் பூந்தமல்லி வழியாகப் போகும் நெடுஞ்சாலையைப் பிடித்து பெங்களூருக்குப் போகலாம். அங்கும் உரிமம் மதுக்கூடத்துக்கே தவிர வீட்டுக்கு அல்ல.