பூசை

இன்று பூசை என்றால் கோயில் மணியும் கற்பூரமும்தான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் பூனைக்கும் அதுவே பெயர். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூசைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கம்பரின் பூனைக்குக் கடல் வற்றுமுன் வயிறு கெட்டிருக்கும்!) மலையாளத்தின் ‘பூச்ச’, துளுவின் ‘புச்செ’ இரண்டும் இந்தப் ‘பூசை’க்கு உறவு.

இன்னொரு பழஞ்சொல் வெருகு. காட்டுப் பூனையையும் ஆண் பூனையையும் குறிக்கும். வெருகு ஈன்றதைக் ‘குட்டி’ எனலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். சங்கப் புலவர்களோ கூரிய முல்லை அரும்பில் வெருகின் பல்லைக் கண்டார்கள். நகம், மீசையை விட்டுப் பல்லைப் பிடித்த அந்தக் கண் அபாரம். கன்னடத்தில் இச்சொல் ‘பெக்கு’ ஆகி வீட்டுப் பூனையையே குறிக்கிறது. மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப் பூனை. அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல.